குடியோட்டிப் பூண்டும் கடுகும்

சாலையோரங்களிலும், தரிசு நிலங்களிலும், பாழ்மனைகளிலும் மஞ்சள் நிறப் பூக்களுடன் தானே முளைத்து நிற்கும் முட்செடியொன்றை அங்கத்தினர்கள் யாவரும் பார்த்திருப்பர். இதற்குப் பிரமதண்டு என்றும், குடியோட்டிப் பூண்டு என்றும் பெயர். இது நம் நாட்டிற்குரிய செடியன்று. அமெரிக்கக் கண்டத்து மெக்ஸிகோ முதலிய தேசங்களிலிருந்து வந்து இங்கே பரவியது. இதன் விதை கடுகுடன் கலந்தால் உயிருக்கே அபாயம் நேருமாதலின், இதனைச் செவ்வையாக அறிந்துகொள்ளுதல் அவசியம்.

செடியின் அடையாளங்கள்: இது ஏறக்குறைய 1 முதல் 3 அடி வரை உயரும். இலைகள் காம்பின்றித் தண்டைத் தழுவி நிற்கும். ஓரங்கள் ஆழ வெட்டுண்டு முட்களுடன் கூடியிருக்கும். நரம்புகளை ஒட்டி வெண்ணிறக் கோடுகள் காணப்படும். பூவில் 4 முதல் 6 இதழ்கள் உண்டு. செடியை ஒடித்தால் மஞ்சள் நிறப் பால் வடியும். முள்ளிலையும் மஞ்சட்பாலும் ஒருங்கே காணப்படின் ஐயுற வேண்டுவதில்லை. காயும் முள்ளுடையதே, முற்றியதும் நுனியில் வெடித்து விதைகளைச் சிதறும்.

விதையால் விளையும் தீங்கு: இவ்விதையின் எண்ணெயில் சாங்குவினரின் என்னும் நஞ்சு உளது. அது கலந்த எண்ணெயை உண்போருக்குக் கால்கள் வீங்கும்; மூச்சுத் திணறும்; இருதயம் பலங்குன்றும்; சிலருக்குக் கண்பார்வையும் கெடும். சாதாரணமாய்ச் சமைப்பதால் இந்நஞ்சு நீங்காது. இவ்வியாதி 1877-ஆம் வருஷத்திலேயே கல்கத்தாவில் காணப்பட்டது. 1998-இல் டில்லியில் கலப்புக் கடுகெண்ணெயினால் 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கடுகைச் சோதிக்கும் முறை: ஒரு பிடி கடுகை வெள்ளைத் தாளின்மீது பரப்புக. நல்ல கடுகு வழுவழுப்பாயிருக்கும். நசுக்கினால் உள்ளே மஞ்சளாய்த் தோன்றும். பிரமதண்டு விதை அதிகக் கருமையாயும், சொரசொரப்பாயும் இருக்கும்; நசுக்கினால் உள்ளே வெண்மையாய்த் தோன்றும். சங்கத்தின் பண்டகசாலைக்குக் கடுகு வாங்குவோர், மூட்டையின் மேற்புறத்தை மட்டும் பாராமல், நடுவிலும் அடியிலும் எடுத்துச் சோதித்தல் வேண்டும்.

ஒழிக்கும் வழி: இப்பூண்டு விதையினாலேயே பெருகுவது. ஆகையால் பூக்குமுன் வேரோடு பிடுங்குதலே சிறந்தது. கையிற் சாக்குத்துணி சுற்றிக்கொள்க. காய்த்த செடியை எருக்குழியில் இடலாகாது. இட்டால் விதை எருவோடு வயலுக்குச் செல்லும். அதனைக் குவித்து எரித்துவிடுக. உதிர்ந்த விதை மண்ணிற் பல வருஷம் கிடந்து முளைக்குமாகையால், ஒரு முறை பிடுங்கியதோடு நின்றுவிடாமல் வருஷந்தோறும் செய்தல் வேண்டும். ஒருவர் மட்டும் தம் நிலத்தைச் சுத்தம் செய்து, அடுத்தவர் வாளாவிருந்தால் பயனில்லை. ஊரார் ஒன்று கூடிச் செய்தாலன்றி இப்பூண்டு ஒழியாது.