வெட்ட வெட்டத் தழைக்கும் காடு
(10-ஆம் வகுப்பு, 8-ஆம் வகுப்பு மாணவியராகிய சகோதரிகள் இருவர்)

கோடை விடுமுறை வந்தால் சித்தி வீட்டுக்குப் போவது பிள்ளைகளுக்கு வழக்கம். எங்களுக்கும் ஒரு சித்தி உண்டு. ஆனால் அவர் இருப்பது பக்கத்து ஊரில் அல்ல. இங்கிலாந்து நாட்டின் கிழக்குப் பகுதியில், சஃபோக் மாவட்டத்தில் செவிலியராகப் பணியாற்றுகிறார். அவர் அழைப்பின் பேரில் மே மாதத் தொடக்கத்தில் அங்கே சென்றிருந்தோம். இலண்டன் மாநகரின் பாலங்களையும் அரண்மனைகளையும் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுதுவோர் பலர். நாங்கள் எழுத விரும்புவது ஒரு காட்டைப் பற்றி. தோழியரே, சற்று எங்களோடு வாருங்கள்!

காட்டின் வாயிலில்

பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்னும் பழைய நகரிலிருந்து தென்கிழக்கே சில மைல் தொலைவில் பிராட்ஃபீல்டு காடு இருக்கிறது. காடு என்றதும் யானையும் புலியும் எங்கள் நினைவுக்கு வந்தன. அங்கே நாங்கள் கண்டதோ, கோதுமை வயல்களுக்கு நடுவே அமைதியாக நின்ற மரக்கூட்டம்தான். "இவ்வளவுதானா சித்தி?" என்று எங்களில் இளையவள் கேட்டே விட்டாள். சித்தி பதில் சொல்லவில்லை. முழங்கால் வரை வரும் ரப்பர் காலணிகளைக் கொடுத்து, "போட்டுக்கொள்ளுங்கள், களிமண் வழுக்கும்" என்றார்.

காட்டைச் சுற்றி ஒரு மண்கரையும், அதன் வெளிப்புறம் ஒரு பள்ளமும் இருந்தன. ஆடுமாடுகள் உள்ளே புகுந்து இளங்குருத்துகளை மேய்ந்துவிடாதபடி அந்தக் காலத்திலேயே எடுத்த கரை அது. அந்தக் காலம் எது தெரியுமா? இக்காடு பெரி நகரத்துத் துறவு மடத்துக்கு உரியதாய் இருந்த காலம். புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் வாழ்ந்த பெரிய மடம் அது. டேனியர் கையில் 869-ஆம் ஆண்டு உயிர்நீத்த மன்னர் புனித எட்மண்டின் கல்லறை அங்கே இருந்ததால் திருப்பயணிகள் திரள் திரளாக வந்தார்கள். 1539-ல் அரசன் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டது. இன்று நகரில் எஞ்சியிருப்பவை வாயில் கோபுரமும் இடிந்த சுவர்களுமே. கல்லால் கட்டிய மடம் இடிந்து போயிற்று. துறவியர் பேணிய காடோ இன்றும் துளிர்த்துக்கொண்டிருக்கிறது.

இலைகள் ஏன் உதிர்கின்றன?

இது இலையுதிர் காடு. ஓக், ஆஷ், ஹேசல், பிர்ச் முதலிய மரங்கள் இதில் நிறைந்துள்ளன. ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இவை இலைகளை உதிர்த்துவிட்டு, குளிர்காலம் முழுவதும் வெறுங்கொம்பாய் நிற்கும்.

நம் முதுமலைக் காட்டிலும் மரங்கள் இலை உதிர்க்கின்றன. ஆனால் அங்கே உதிர்வது வறண்ட மாதங்களில்; இங்கிலாந்திலோ குளிர் மாதங்களில். இரண்டிலும் தண்ணீர்க் கணக்கு இருக்கிறது. இலை ஓயாமல் நீரை ஆவியாக வெளியேற்றும். வறட்சியில் மண்ணில் நீர் இல்லை. கடுங்குளிரிலோ நீர் இருந்தும் வேர்களால் எளிதில் உறிஞ்ச முடிவதில்லை. வெயிலும் குறைந்துவிடுவதால் இலைகளால் வரும் வரவைவிடச் செலவே மிகுதி. ஆகவே சிக்கனமான இல்லத்தரசியைப் போல மரம் கடையை மூடிவிடுகிறது.

பகற்பொழுது குறுகக் குறுக, மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, அதிலுள்ள சத்துகளைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்ளும். அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறம் அப்போது வெளிப்படும். சில மரங்களில் புதிதாகச் செந்நிறமும் உண்டாகும். இலைக்காம்பின் அடியில் தக்கை போன்ற ஓர் அடுக்கு தோன்றி வழியை அடைத்துவிடும். பிறகு சிறு காற்று போதும், இலை உதிர்ந்துவிடும். உதிர்ந்த இலைகளை மண்புழுக்களும் காளான்களும் மட்கச் செய்து மீண்டும் மரத்துக்கே உணவாக்குகின்றன. வீணாவது ஒன்றுமில்லை.

நீலக் கம்பளம்

காட்டுக்குள் சற்றுத் தூரம் நடந்ததும் எங்கள் கால்கள் தாமே நின்றன. மரங்களுக்கு அடியில் தரையே தெரியாமல் நீல நிறம் விரிந்து கிடந்தது! இவைதாம் புளூபெல் பூக்கள். சிறு மணிகள் போலத் தலை கவிழ்ந்து தொங்கும். உலகிலுள்ள இச்செடிகளில் ஏறத்தாழப் பாதி பிரித்தானிய நாட்டில்தான் இருக்கின்றனவாம். வேறோர் இடத்தில் இளமஞ்சள் நிறத்தில் ஆக்ஸ்லிப் என்னும் பூவைக் கண்டோம். இங்கிலாந்தில் அது பெரும்பாலும் கிழக்கு மாவட்டங்கள் சிலவற்றிலுள்ள பழங்காடுகளிலேயே இயல்பாக வளர்கிறது.

இவை ஏன் வெயில் மிகுந்த ஜூன், ஜூலையில் பூக்காமல் ஏப்ரல், மே மாதங்களிலேயே அவசரப்படுகின்றன? காரணம் மேலே இருக்கிறது. கோடையில் மரங்களின் இலைகள் முழுதும் விரிந்து, கூரை வேய்ந்தது போல வெளிச்சத்தை மறைத்துவிடும். எனவே இலைகள் விரியுமுன் கிடைக்கும் சில வாரங்களிலேயே இச்செடிகள் தழைத்து, பூத்து, அடுத்த ஆண்டுக்கு வேண்டிய உணவைக் கிழங்கில் சேர்த்துவிட வேண்டும்.

இதை அறியாமல் நாங்கள் ஒரு தவறு செய்தோம். படம் எடுப்பதற்காக எங்களில் இளையவள் பாதையை விட்டுப் பூக்களின் நடுவே போய் நின்றாள். மூத்தவளும் அதைத் தடுக்காமல் "இன்னும் கொஞ்சம் உள்ளே போ" என்று கைகாட்டிக்கொண்டிருந்தாள். "நில்லுடி அங்கேயே! வந்த அடியிலேயே கால் வைத்துத் திரும்பி வா" என்று சித்தி அதட்டினார். திரும்பிப் பார்த்தோம். அவள் நடந்த இடமெல்லாம் இலைகள் நசுங்கிக் கிடந்தன. பூ போனாலும் செடி பிழைக்கும். இலை நசுங்கினால் உணவு சேர்க்க வழியில்லாமல் கிழங்கு மெலிந்துவிடும். விதையிலிருந்து முளைக்கும் ஒரு செடி பூக்க ஐந்து ஆண்டுகளாவது ஆகும். ஒரு படத்துக்காக எத்தனை ஆண்டுகளை மிதித்துவிட்டோம்! அந்நாட்டில் 1981-ஆம் ஆண்டு வந்த சட்டப்படி, நிலத்துக்கு உரியவரின் அனுமதியின்றிக் காட்டுச் செடி எதையும் வேரோடு பிடுங்குவது குற்றமாகும். நாங்கள் பிடுங்கவில்லைதான், ஆயினும் தலைகுனிந்தபடியே நடந்தோம்.

வெட்டிய மரங்கள்

அடுத்த வளைவில் எங்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. ஓரிடத்தில் பெரிய மரங்கள் சிலவற்றைத் தவிர மற்றவை அனைத்தும் அடியோடு வெட்டப்பட்டிருந்தன. பாதையோரம் கழிகள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருந்தன. "பாதுகாக்கப்பட்ட காடு என்றீர்களே சித்தி! பூவை மிதித்ததற்கு எங்களைத் திட்டினீர்கள். மரத்தை வெட்டியவர்களை யார் திட்டுவது?" என்று கேட்டோம்.

சித்தி சிரித்துக்கொண்டே ஒரு அடிக்கட்டையைக் காட்டினார். அதைச் சுற்றிலும் விரல் பருமனில் புதுத் தளிர்கள் கிளம்பியிருந்தன. "உங்கள் தாத்தா கரும்பு வெட்டியபின் என்ன செய்வார்?" என்றார். "மறுதாம்பு விடுவார்" என்றோம். "இதுவும் அதுதான்" என்றார்.

உண்மைதான். ஹேசல், ஆஷ் முதலிய மரங்களைத் தரையை ஒட்டி வெட்டினால் அவை சாவதில்லை. கட்டையிலிருந்து பல கழிகளாகத் தழைக்கும். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, குளிர்காலந்தோறும் ஒரு பகுதியை வெட்டுவார்கள். ஏழெட்டு ஆண்டுகள் முதல் இருபத்தைந்து ஆண்டுகள் வரை விட்டு அதே கட்டையை மீண்டும் வெட்டுவார்கள். இந்தக் காட்டில் இம்முறை 1252-ஆம் ஆண்டிலிருந்தே நடந்து வருவதற்குச் சான்று உண்டு. விறகு, ஆட்டுப்பட்டி அடைக்கும் படல், வரிச்சுச் சுவருக்குக் குச்சி, அவரைக்கொடிக்குக் கொம்பு, வைக்கோல் கூரையை இறுக்கும் முளை, வைக்கோல் வாரும் கருவிக்குக் கைப்பிடி என எல்லாம் இதிலிருந்து கிடைத்தன. இடையிடையே விட்டு வளர்த்த ஓக் மரங்கள் தூணுக்கும் உத்தரத்துக்கும் பயன்பட்டன.

வெட்டிய இடத்தில் வெளிச்சம் விழும். நிழலில் அடங்கிக் கிடந்த செடிகள் ஓரிரு ஆண்டுகளில் பூத்துக் குலுங்கும். பூவைத் தேடி வண்ணத்துப்பூச்சிகள் வரும். புதர் அடர்ந்ததும் பறவைகள் கூடு கட்டும். அது நிழலாகுமுன் அடுத்த பகுதியில் வெளிச்சம் விழுந்திருக்கும். மேலும், வெட்டாமல் விட்ட ஆஷ் மரம் பெரும்பாலும் சில நூறு ஆண்டுகளில் பட்டுப்போகும். முறையாக வெட்டப்படும் கட்டையோ அதைவிட மிக நீண்ட காலம் வாழும். இக்காட்டில் 18 அடிக்கு மேல் குறுக்களவுள்ள ஓர் ஆஷ் கட்டை ஆயிரம் ஆண்டு வயதுடையது எனக் கணிக்கப்பட்டுள்ளது.

காடு பிழைத்த கதை

அப்படியானால் காட்டுக்குப் பகை யார்? வெட்டுவது வேறு, வேரோடு பெயர்ப்பது வேறு. 1930-களுக்குப் பின் வந்த ஐம்பது ஆண்டுகளில் பிரித்தானியாவின் பழங்காடுகளில் ஏறத்தாழப் பாதி, வயல்களாக அழிக்கப்பட்டோ, ஊசியிலை மரத் தோப்புகளாக மாற்றப்பட்டோ போயிற்று. பிராட்ஃபீல்டு காட்டையும் அந்த இடி தாக்கியது. 1960-களில் துறவியர் பெயரைத் தாங்கிய மங்க்ஸ் பார்க் பகுதியில் பெரும்பாகம் பெயர்த்தெடுக்கப்பட்டு உழுநிலமாயிற்று. எழுநூறு ஆண்டுக் கோடரிக்கு அழியாத கட்டைகள் இயந்திரத்தின் முன் சில நாள்களில் அழிந்தன. எஞ்சியதையாவது காக்க வேண்டும் என்று அப்பகுதி மக்கள் போராடினார்கள். 1970-ல் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று அதை விலைக்கு வாங்கியது. இன்று சஃபோக் வனவுயிர் அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. பழைய முறைப்படியே குளிர்காலந்தோறும் வெட்டு நடக்கிறது. நாட்டுக்கே உரிய இயற்கைக் காப்பிடங்களுள் அதுவும் ஒன்று.

துளிர்க்குமா?

திரும்பும் வழியில் ஒரு பழைய ஆஷ் கட்டையின் முன் நின்றோம். சுற்றிலும் ஓக்கும் ஹேசலும் பசுமையாக இருக்க, இதில் மட்டும் ஓர் இலைகூட இல்லை. கிளை நுனிகளில் கரிய மொட்டுகள் மட்டும். "செத்துவிட்டதா சித்தி?" என்று கேட்டோம். "ஆஷ் எப்போதும் கடைசியாகத்தான் துளிர்க்கும். ஆனால் இப்போதெல்லாம் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது" என்றார் சித்தி.

ஒரு பூஞ்சை நோய் ஐரோப்பா முழுவதும் ஆஷ் மரங்களை வாட்டி வருகிறது. இங்கிலாந்தில் அது 2012-ல் உறுதி செய்யப்பட்டது. அக்காலத்திலேயே கிழக்கு மாவட்டக் காடுகளிலும் காணப்பட்டது. இலை கருகி, கிளை நுனி காய்ந்து, மரம் மெல்ல மெல்லப் பட்டுப்போகும். நோயைத் தாங்கும் ஆற்றல் சில மரங்களுக்கு மட்டுமே உண்டு. அவற்றின் விதைகளில்தான் நம்பிக்கை இருக்கிறது.

ஊர் திரும்பிய பின்னும் அந்தக் கட்டையின் நினைவு எங்களை விடவில்லை. மே மாதக் கடைசியில் சித்தியிடமிருந்து கைபேசியில் ஒரு படம் வந்தது. கரிய மொட்டுகள் விரிந்து, பிஞ்சு இலைகள் எட்டிப் பார்த்தன. "இந்த ஆண்டு துளிர்த்துவிட்டது" என்று மட்டும் எழுதியிருந்தார். "இந்த ஆண்டு" என்ற சொல்லை நாங்கள் இருவரும் பலமுறை படித்தோம்.

தோழியரே, ஒரு காட்டைக் காப்பது என்றால் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து வைப்பது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அப்படி அன்று. ஆண்டுதோறும் போய்ப் பார்த்து, வேண்டியதை மட்டும் எடுத்து, வேரைத் தொடாமல் விடுவதே காப்பது என்று அறிந்துகொண்டோம். நம் ஊர் ஏரிக்கரை மரங்களுக்கும் இது பொருந்தும் அல்லவா? போகும்போது பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள். அதை நாங்கள் செய்தாயிற்று!