பூச்சிமருந்து தெளிப்போர் தேக நலம்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரிக் குன்றுகளைச் சூழ்ந்த நிலங்களில் நெல்லும் மணிலாவும் பயிராகின்றன. பூச்சி கண்டவிடத்து மருந்து தெளிப்பது அங்கும் வழக்கமாயிற்று. பயிரைக் காக்கும் மருந்து, ஜாக்கிரதை தவறின் தெளிப்பவரைக் கெடுக்கவும் வல்லது.

1936-ஆம் வருஷம் ஜெர்மானிய ரசாயன நிபுணர் கெர்ஹார்டு ஷ்ரேடர் பூச்சிமருந்து தேடுகையில் டாபுன் என்னும் பொருளைக் கண்டார். அது போர்வீரரைக் கொல்லும் விஷமாக மாறிற்று. கரிமப் பாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் அதே இனத்தவை. அதனைப் போலவே நரம்புகளின் தொழிலைக் கெடுப்பவை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்தோருள் 20 பேருக்கு மேல் மாண்டனர்.

இவ்விஷம் வாய்வழி மட்டுமன்றி, மூச்சின் வழியும் சருமத்தின் வழியும் உட்புகும். ஆதலின் தெளிப்பவரேயன்றி, தெளிப்பானைக் கழுவுபவரும் அவருடைய துணியைத் துவைப்பவரும் அபாயத்திற்கு உட்படுவர்.

விவசாயிகள் கவனிக்க வேண்டுவன: புட்டியின்மேல் சிவப்பு முக்கோணம் இருப்பின் மருந்து மிகக் கொடியதென்றறிக. கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை அணிக. காற்றுக்கு எதிராகத் தெளிக்கலாகாது. இடையில் புகை, வெற்றிலை கூடாது. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளிக்க. அத்துணியைத் தனியே துவைக்க. காலிப் புட்டியில் குடிநீர் வைத்தல் தகாது.

தலைவலி, மிகுந்த வியர்வை, வாந்தி, உமிழ்நீர்ப் பெருக்கு, கண்மணி சுருங்குதல் ஆகிய குறிகள் தோன்றின், உடையைக் களைந்து உடலைக் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டுடன் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.