யாருடைய இறக்குமதி?

ஒருபாலுறவு மேலைத்தேய நோய் என்று எமது வட்டத்துச் சந்திப்பொன்றில் நண்பரொருவர் சொன்னார்; பலர் தலையாட்டினர். நானும் ஒருகாலத்தில் அப்படிப் பேசித் திரிந்தவன்தான்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இலேயே இதைத் தன் நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நோய் என்பதை விடுவோம். மேலைத்தேயத்திலிருந்து எமக்கு வந்தது இதற்கான தண்டனைதான். 1883இல் ஆங்கிலேயர் இலங்கைக்கு இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, 'இயற்கை ஒழுங்குக்கு முரணான' உடலுறவைக் குற்றமாக்கிற்று. இங்கிலாந்து 1967இல் தனது சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. இலங்கைப் பாராளுமன்றமோ 1995இல், பாலியல் குற்றங்கள் தொடர்பான திருத்தங்களோடு, 365அ பிரிவிலிருந்த 'ஆண்' என்பதை 'ஆள்' என மாற்றிற்று. அதுவரை அப்பிரிவில் அகப்படாதிருந்த பெண்களும் இப்படிச் 'சமத்துவம்' பெற்றுக் குற்றவாளிகளாயினர்.

பெண்விடுதலை பற்றிப் பக்கம்பக்கமாக எழுதிக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவேயில்லை.