"து" என்றால் சண்டை. "ஆப்" என்றால் சமாதானம்!
- நம் ரெயில்வே நிருபர் -

மும்பையில் ஒரு ரெயில் நிலையம். முன்பதிவு கவுண்ட்டரில் நான் அமர்ந்து இருந்தேன். மணி 10-50. படுக்கை வசதி பெட்டிகளுக்கான 'தட்கல்' முன்பதிவு 11 மணிக்கு தொடங்கும்.

வரிசையில் 3-வதாக நெல்லை மாவட்ட வாலிபர் ஒருவர். கட்டிட வேலை பார்ப்பவர். தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உடனே ஊருக்கு போக வேண்டும் என்று படிவம் வாங்கும்போதே என்னிடம் சொல்லி இருந்தார்.

அவருக்கு முன்னால் ஒரு வட இந்திய பெரியவர். அவரைப் பார்த்து வாலிபர், "து ஹட்!" என்றார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்று சொன்னதாக அவர் நினைப்பு. பெரியவர் காதில் விழுந்ததோ, "டேய், தள்ளுடா!"

வாய்ச்சண்டை முற்றியது. போலீஸ்காரரும் வந்துவிட்டார். வரிசையில் இருந்து வெளியேற்றினால் அன்றைய டிக்கெட் போச்சு!

"தம்பி, கையைக் கூப்பி 'மாப் கீஜியே' என்று சொல்லு" என்றேன். 'மன்னியுங்கள்' என்று பொருள். சொன்னார். பெரியவர், "கோயீ பாத் நஹீ" (பரவாயில்லை) என்று தோளில் தட்டினார். டிக்கெட்டும் கிடைத்தது.

"இந்த 'து'வை யாரிடம் கற்றாய்?" என்று கேட்டேன்.

"மேஸ்திரி என்னை அப்படித்தானே கூப்பிடுகிறார், அண்ணாச்சி!" என்றார்.

மூன்று வகை

நமக்கு 'நீ', 'நீங்கள்' என்று இரண்டு உண்டு. இந்தியில் மூன்று. 'து' என்பது குழந்தை, உயிர் நண்பன், கடவுள் ஆகியோருக்கு. 'தும்' என்பது சம வயதினருக்கும், இளையவருக்கும். 'ஆப்' என்பது மரியாதைக்கு.

வினைச்சொல்லும் கூடவே மாறும். 'து ஆ' என்றால் 'வாடா'. 'தும் ஆவோ' என்றால் 'வா'. 'ஆப் ஆயியே' என்றால் 'வாருங்கள்'. மும்பை தெருக்களில் 'து' சாதாரணம். லக்னோவில் முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் அவமானம். சந்தேகம் வந்தால் 'ஆப்' போடுங்கள்.

வணக்கம் சொல்ல

'நமஸ்தே' என்றால் 'உம்மை வணங்குகிறேன்' என்று பொருள். நம் 'வணக்கம்' பிறந்ததும் வணங்குவதில் இருந்துதான். 'நமஸ்கார்' என்றால் மராத்திக்காரருக்கும் பொருந்தும். கிராமத்தார் 'ராம் ராம்' என்பார்கள். லக்னோ பக்கம் 'ஆதாப்' என்பதும் உண்டு.

"ஆப் கைசே ஹை?" - எப்படி இருக்கிறீர்கள்?

"மை டீக் ஹூம்" - நன்றாக இருக்கிறேன்.

"தன்யவாத்" அல்லது "சுக்ரியா" - நன்றி. முதலாவது சமஸ்கிருத வழி. மற்றது பாரசீக வழி.

"பிர் மிலேங்கே" - மீண்டும் சந்திப்போம்.

பெயருக்கு பின் 'ஜி' சேர்த்தால் மரியாதை. பெண்கள் 'போகிறேன்' என்பதற்கு 'ஜாதீ ஹூம்' என்றும், ஆண்கள் 'ஜாதா ஹூம்' என்றும் சொல்ல வேண்டும். தமிழில் இந்த தொல்லை இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. 'கல்' என்றால் நேற்றும் உண்டு, நாளையும் உண்டு! வினைச்சொல்லை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே டிக்கெட் கேட்கும்போது தேதியையே சொல்லிவிடுங்கள்.

இந்தி பிறந்த கதை

சிந்து நதியை பாரசீகர்கள் 'ஹிந்து' என்றார்கள். 'இந்தி' என்ற பெயர் அந்த வழியில் வந்தது. டெல்லி, மீரட் வட்டாரத்து 'கடீபோலி' பேச்சுதான் இன்றைய இந்திக்கு அடிப்படை. உருதுவுக்கும் அதுவே அடிப்படை. எழுத்துதான் வேறு. துளசிதாசர் ராமாயணம் பாடியதோ அவதி மொழியில்.

1949-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி, தேவநாகரி எழுத்தில் எழுதும் இந்தியை மத்திய அரசின் ஆட்சிமொழியாக அரசியல் நிர்ணய சபை ஏற்றது. 1963-ம் ஆண்டு சட்டப்படி ஆங்கிலமும் தொடர்கிறது. 2011-ம் ஆண்டு கணக்குப்படி இந்தியை தாய்மொழியாக கூறியவர்கள் சுமார் 52 கோடியே 80 லட்சம் பேர். போஜ்புரி, ராஜஸ்தானி போன்றவையும் இதில் அடக்கம்.

1965-ல் தமிழ்நாட்டில் நடந்த போராட்டம் திணிப்பை எதிர்த்து. பிழைக்க வந்த இடத்தில் நாமே விரும்பி நாலு வார்த்தை கற்பது வேறு விஷயம்.

ஒரு மாதம் கழித்து அந்த வாலிபர் கவுண்ட்டருக்கு வந்தார். தாயாருக்கு குணமாகிவிட்டதாம். கை கூப்பி, "நமஸ்தே, அண்ணாச்சி! ஆப் கைசே ஹை?" என்றார்.

மேஸ்திரி இன்னமும் 'து' என்றுதான் கூப்பிடுகிறாராம். "நான் 'ஆப்' என்றே பதில் சொல்லுகிறேன்" என்றார்.