கொள்கை ஆய்வு நிறுவனத்தில் என்ன வேலை?

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைக்குக் கொழும்பில் ஒரு கொள்கை ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்தால், கல்முனைப் பக்கத்து வீடுகளில் முதலில் கேட்பது "அது கவர்மென்ட் வேலையா?" என்பதைத்தான். பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இலங்கை கொள்கை ஆய்வுகள் நிறுவனம் 1988இல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்து 1990இல் இயங்கத் தொடங்கியது. 1996இல் தொடங்கிய மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அரசு சாராதது. இரண்டிலும் அடிப்படை வேலை ஒன்றே: அரசின் ஒரு முடிவு மக்களை என்ன செய்கிறது என்பதை ஆதாரத்தோடு எழுதிக் கொடுப்பது.

நம் கரையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிகம் பேர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில். அதன் பிறகு கடலோரத்தில் வீடு கட்டத் தடை வந்தது. தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கிழக்கே கடல், மேற்கே வயல். ஊர் இருப்பது இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில். அங்கே 200 மீற்றரை எடுத்துவிட்டால் ஆட்கள் எங்கே போவது? தடை பிறகு தளர்த்தப்பட்டது. அதற்குள் பலர் கொட்டில்களில் காத்துக் கிடந்தார்கள்.

இன்னொரு விஷயம் வெளியே அவ்வளவு தெரியவில்லை. இந்தக் கரையில் முஸ்லிம்களும் தமிழர்களும் மகளுக்குக் கல்யாணத்தோடு வீடும் வளவும் கொடுப்பார்கள். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் சுனாமிக்குப் பிந்திய படிவங்கள் தேடியது 'குடும்பத் தலைவரை'. உம்மா தந்த வீட்டை இழந்த பெண்ணுக்கு மாற்று வீடு வந்தபோது பல இடங்களில் பத்திரத்தில் இருந்தது புருஷனின் பெயர். நிரப்பிய அலுவலருக்கு அதில் பிழை தெரிந்திருக்காது. படிவமே அப்படித்தான் இருந்தது.

இதைக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வாளரின் வேலை. "வீடு யாருடையது?" என்று வாசலில் நின்று கேட்டால் "எங்கட வீடுதான்" என்பார்கள், ஒன்றும் தெரியவராது. கடலோடு போன வீட்டை யார் தந்தது, அதன் உறுதி யார் பெயரில் இருந்தது, புதிய வீட்டின் பத்திரத்தில் யார் பெயர் என்று வினாக்கொத்தில் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும். அதற்கு இன்னொரு பெண் போக வேண்டும், சமையல் முடிந்து அவளுக்குக் கை ஓய்ந்த நேரம் பார்த்து.

களத்துக்குப் போகும் நாட்கள் குறைவு. மிச்சமெல்லாம் மேசை வேலை: பதில்களைக் கணினியில் ஏற்றுவது, முரண்படும் பதில்களைப் பிரித்தெடுப்பது, தொகைமதிப்புத் திணைக்களத்தின் புள்ளிவிவரத்தோடு ஒப்பிடுவது. அறிக்கையை வெளியார் ஒருவர் வாசித்துக் குறை சொல்வார். திருத்தி எழுத வேண்டும். கடைசியில் அமைச்சின் அதிகாரிக்காக முழு அறிக்கையையும் நாலு பக்கமாகச் சுருக்க வேண்டும். எனக்குத் தெரிய, மிகக் கடினமான எழுத்து அந்த நாலு பக்கம்தான்.

இரண்டு சிரமங்களை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் பணம் வெளிநாட்டுக் கொடையாளர்களிடமிருந்து, திட்டத்துக்குத் திட்டம் வருகிறது. திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியலாம். பலனும் மெதுவாகத்தான் வரும். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணியின் வாரிசுரிமையில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்தது. அது அநியாயம் என்று ஆய்வாளர்களும் பெண்கள் அமைப்புகளும் ஆண்டாண்டாக எழுதினார்கள். திருத்தம் வந்தது 2022இல்.

இந்த வேலைக்கு நம் பிள்ளைகள் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வினாக்கொத்து தயாராவது கொழும்பில், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வளவு யார் வழியாக வருகிறது என்று பிறந்ததிலிருந்தே தெரிந்த ஒருத்தி அந்த மேசையில் இருந்தால், கேட்க வேண்டிய கேள்வி முதல் வரைவிலேயே வந்துவிடும். பொருளியலோ சமூகவியலோ படித்தவர்கள் புள்ளிவிவர மென்பொருள் ஒன்றைப் பழகி, ஆங்கிலத்தோடு சிங்களமும் கற்றுக்கொள்ளட்டும். தொடங்குவதற்கு, ஊருக்கு வரும் கள ஆய்வுகளில் தகவல் சேகரிப்பாளராகச் சேரலாம்.