எண்பத்தேழு லட்சத்தின் ஐந்தொகை

அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம்: தரைத்தளமும் அதன்மேல் 14 மாடிகளும். உயரம் 177 அடி. செலவு 87 லட்சம் ரூபாய். வேலை தொடங்கிய ஆண்டு 1953. மத்திய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தது 1959 ஆகஸ்ட் 23-ல். 1961 வரை இந்தியாவிலேயே உயரமான மாடிக் கட்டடம் இதுதான். பொது அறிவுப் புத்தகங்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளும். பக்கத்தில் வேறு சில தொகைகளை எழுதிப் பார்த்தால்தான் இந்த 87 லட்சத்தின் கனம் தெரியும்.

முதலில் வகுத்துப் பார்ப்போம். அடி ஒன்றுக்கு 49,153 ரூபாய். தளம் ஒன்றுக்கு 5 லட்சத்து 80 ஆயிரம். மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை 1913-ல் முழுதாக முடிந்தபோது ஆன செலவே ஏழரை லட்சம்தான். அதாவது, இந்தக் கட்டடத்தின் ஒன்றரைத் தளத்துக்குக்கூட எட்டாத பணத்தில் 46 ஆண்டுகளுக்கு முன் ஒரு மாளிகையே எழும்பியிருக்கிறது. நடுவில் இரண்டு உலகப் போர்களும் விலையேற்றமும் வந்துபோனதால் இதை நேர் ஒப்பீடாகக் கொள்ள முடியாது. ஆனால் பின்னால் வந்த ஒன்றோடு ஒப்பிடலாம். அதே சாலையில் 1973-ல் திறந்த ஜெமினி மேம்பாலத்துக்கு ஆனது 66 லட்சம். பதினான்கு ஆண்டு கழித்துக் கட்டிய பாலத்தைவிட இந்தக் கட்டடம் 21 லட்சம் அதிகம். 1961 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை 17 லட்சத்து 29 ஆயிரம். தலைக்கு ஐந்து ரூபாய் வீதம் வசூலித்தால்தான் 87 லட்சம் தேறும். அன்றைக்கு அது பெரிய பணம்.

யார் பணம்? பிரீமியம் கட்டியவர்களின் பணம். இதைத் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரம் வேறு, இவர் 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர், யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தை நடத்தியவர். அந்த நிறுவனத்துக்காகத்தான் இந்தக் கட்டடத்தைத் திட்டமிட்டார். வேலை தொடங்கி ஓராண்டு ஆனதும் 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்கும்போது ஒரு விமானம் நொறுங்கியது. அதில் இருந்த 40 பேரில் 33 பேர் இறந்தார்கள். செட்டியாரும் அவர்களில் ஒருவர். வயது 45.

அடுத்த அடி 1956 ஜனவரியில். ஆயுள் காப்பீட்டை அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கையில் எடுத்தது. 154 இந்திய நிறுவனங்கள், 16 வெளிநாட்டு நிறுவனங்கள், 75 சேமநலச் சங்கங்கள் என மொத்தம் 245 கணக்குகள் ஒரே பேரேட்டில் சேர்ந்து, செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. பிறந்தது. அரசு போட்ட மூலதனம் 5 கோடி. பாதியில் நின்ற இந்தக் கட்டடமும் அந்தப் பேரேட்டில் ஒரு வரியாக வந்து சேர்ந்தது. முடிக்க ஆன மொத்தச் செலவை அந்த மூலதனத்தோடு வைத்துப் பார்த்தால் நூற்றுக்குப் பதினேழு பங்குக்கு மேல்.

வரைபடம் போட்ட லண்டன் கட்டடக் கலைஞர்கள் பிரவுனும் மௌலினும் 1957-ல் விலகிக்கொண்டார்கள். எல்.எம். சித்தாலே பொறுப்பேற்று முடித்துக் கொடுத்தார். கட்டியது கோரமண்டல் இன்ஜினியரிங். அதே ஆண்டு ஏப்ரல் 1-ல் நாட்டின் காசும் மாறியது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. அன்றிலிருந்து ரூபாய்க்கு 100 நயா பைசா. 1953-ல் மூன்று பத்தி போட்டு எழுதிய கணக்கை 1959-ல் இரண்டு பத்தியில் முடித்தாக வேண்டும். அணா ஒன்றுக்கு ஆறேகால் நயா பைசா என்று ஒவ்வொரு பாக்கியையும் பெயர்த்தெழுதிய குமாஸ்தாக்களை நினைத்துப் பார்க்கிறேன். ஆறாண்டு வேலையில் முதலாளி மாறினார், கட்டடக் கலைஞர் மாறினார், நாணயமும் மாறியது. இத்தனைக்குப் பிறகும் முடிந்து நின்றதே என் கண்ணில் இதன் முதல் பெருமை. உயரம் அதற்கு அடுத்துதான்.

உயரத்தையும் பார்த்துவிடலாம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் 120 அடி. கலங்கரை விளக்காக 1894 முதல் கப்பல்களுக்கு வழிகாட்டிய உயர் நீதிமன்றக் கோபுரம் 175 அடி. அதைவிட எல்.ஐ.சி. இரண்டே அடி உயரம்! தஞ்சைப் பெரிய கோயில் விமானமோ 216 அடி. ஏறத்தாழ 950 ஆண்டு முன்பே 39 அடி மேலே போய்விட்டது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் 1,250 அடி, இதைப்போல் ஏழு மடங்கு. ஆகவே வானத்தைத் தொட்டதாகச் சொல்வது மிகை. கோபுரத்து உயரத்தில் தினமும் மேசை போட்டு மனிதர்கள் வேலை பார்க்கலாம் என்று இந்த ஊருக்கு முதன்முதலில் காட்டியது இதுதான், அதில் சந்தேகம் இல்லை. சுண்ணாம்பும் செங்கல்லும் சுமந்த பாரத்தைக் கான்கிரீட் தூண்களுக்கு மாற்றிய தலைமுறையின் முன்னோடி இது. எதிர்ப்புற நடைபாதையில் நின்று ஜன்னல் வரிசைகளை மேல்நோக்கி எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தளமும் சராசரி பன்னிரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு.

1975 ஜூலை 11-ல் இங்கே பெரும் தீ. கட்டடம் கடுமையாகச் சேதமடைந்தது. செப்பனிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.

இனி வரவுப் பக்கம். 87 லட்சத்தை 65 ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 1,33,846 ரூபாய், மாதத்துக்குச் சுமார் 11,150. பராமரிப்பையும் தீக்குப் பின் செய்த செலவையும் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் அண்ணா சாலையில் 15 தளம் இதற்குக் கிடைக்குமா? ரொக்கத்தில் எழுத முடியாத வரவு ஒன்றும் உண்டு. பட்டணம் வந்து இறங்கிய கதாநாயகனுக்கு ஊரைக் காட்ட சினிமாக்காரர்கள் சென்ட்ரலுக்கு அடுத்து இந்தக் கட்டடத்தைத்தான் காட்டினார்கள். இன்று பூமிக்கடியில் மெட்ரோவின் நீலத் தடத்திலும் நிலையத்தின் பெயர் எல்.ஐ.சி.

2022 மே 17-ல் எல்.ஐ.சி. பங்குச் சந்தைக்கு வந்தது. பங்கு ஒன்று 949 ரூபாய். அந்த விலைக்கு 87 லட்சம் கொடுத்தால் 9,167 பங்குதான் கிடைத்திருக்கும். அந்த வெளியீட்டில் அரசு திரட்டியது 20,557 கோடி. கட்டிய விலைக்கு இப்படி 23,600 கட்டடம். இந்தக் கணக்குதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. பழைய கட்டடம் பேரேட்டில் சின்ன எண்ணாகத் தெரிய ஆரம்பித்தால், அடியில் இருக்கும் மனை பெரிய எண்ணாகத் தெரியும். இது கற்பனைப் பயம் இல்லை. இதே சாலையில் 1897-ல் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடமும் எல்.ஐ.சி.யின் சொத்துதான். 2006-ல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டு, 2010-ல் உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது.

பாலிசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதில் பேச உரிமை உள்ளவர். 177 அடிக் கட்டடத்தை இடிப்பதில்லை என்று நிறுவனம் எழுத்தில் உறுதி தர வேண்டும். ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினம். மறுநாளே இந்தக் கட்டடத்தின் பிறந்தநாள். அந்த ஒரு நாளாவது மேல்மாடிக் கதவை ஊராருக்குத் திறந்துவிடுங்கள்.