துள்ளும் நாய்க்குத் தேவை என்ன?

மலாக்கா மாநிலத்தில் மலாக்கா தெங்கா மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் பாயா ரும்புட். மலாக்காவின் தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் நாய் இல்லாத லயத்தைக் காண்பது அரிது. விடியற்காலை இருளில் பால்மரம் வெட்டச் செல்வோருக்கு முன்னால் நாய் ஓடும். பாம்பையோ காட்டுப்பன்றியையோ கண்டால் குரைத்து எச்சரிக்கும். மரத்துக்கு மரம் நடந்த மனிதரோடு அதுவும் பல கிலோமீட்டர் தூரம் ஓடிக் களைத்து, நண்பகலில் வாசல் நிழலில் படுத்து உறங்கும். அந்த நாயை யாரும் 'அடங்காத நாய்' என்று சொன்னதில்லை.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வரிசை வீட்டின் வாசலில் ஒரு மகிழுந்து நிற்கும் அளவுக்கே இடமுண்டு. பெற்றோர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின் நாய் தனித்திருக்கிறது. கடைவரிசையின் பின்புறத்திலோ சாலையோரத்திலோ பசியோடு திரிந்த நாயைச் சில குடும்பங்கள் இரக்கத்தோடு வீட்டுக்குக் கொண்டுவருகின்றன. முதல் சில நாள் அது மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. பிறகு உடல் தேறியதும் நிலைமை மாறுகிறது. காலணிகளைக் கடித்துக் குதறுகிறது. குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கிறது. கடிதம் கொண்டுவரும் மோட்டார் சைக்கிளின் ஒலி கேட்டால் வேலியோரம் ஓடி ஓடிக் குரைக்கிறது. வீட்டுக்கு வந்தவர் மீது தாவுகிறது.

இந்தக் கட்டத்தில்தான் அந்த நாயின் எதிர்காலம் முடிவாகிறது. சிலர் அதை நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிவிடுகின்றனர். வேறு சிலர் தொலைவிலுள்ள சந்தைக்கு அருகில் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். மீட்கப்பட்ட நாய் மீண்டும் தெருநாயாகிறது. அதன் துள்ளலுக்குக் காரணம் என்ன என்பதை அறிந்தால் இந்த நிலையைத் தவிர்க்க முடியும்.

முதல் காரணம், நாயின் இயல்பு. மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக நாயை வளர்த்தது வேட்டையாடவும் காவல் காக்கவும் கால்நடைகளை மேய்க்கவும்தான். நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. பகாங்கின் தெலோம் ஆற்றுப் பகுதியில் பூர்வக்குடியினர் வளர்த்த 'தெலோமியன்' என்னும் நாய், தூண்கள் மீது அமைந்த வீடுகளுக்கு ஏணி வழியாக ஏறும் திறமை உடையது. இத்தகைய நாட்டு நாய்கள் சுறுசுறுப்பும் கூர்மையான அறிவும் கொண்டவை. செய்வதற்கு வேலை இல்லாதபோது அவை தாமாகவே ஒரு வேலையைத் தேடிக்கொள்கின்றன. காலணியைக் கடிப்பதும் மண்ணைத் தோண்டுவதும் அவ்வாறு தேடிக்கொண்ட வேலைகளே.

இரண்டாவது காரணம், குட்டிப் பருவம். ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களின் நடத்தையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965-ஆம் ஆண்டு ஒரு நூலை வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி எவற்றோடு பழகுகிறதோ அவற்றை அது அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் என்பது அவர்களின் முக்கியமான கண்டுபிடிப்பு. தெருவில் பிறந்த குட்டி அந்தக் காலத்தில் மின்விசிறியையோ மாடிப்படியையோ கனிவோடு தடவும் கையையோ பெரும்பாலும் கண்டிருக்காது. ஆகவே, வளர்ந்தபின் வீட்டின் ஒவ்வோர் ஒலியும் அதற்குப் புதுமையாகவும் அச்சமாகவும் இருக்கிறது. குரைப்பதும் ஓடுவதும் பல வேளைகளில் மகிழ்ச்சியால் அல்ல, பயத்தால்தான்.

தத்தெடுத்த நாய் புதிய வீட்டுக்குப் பழகுவதை விளக்க, நாய்க் காப்பகத்தினர் 'மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்' என்று ஒரு கணக்குச் சொல்வதுண்டு. மூன்று நாள் வரை அது திகைத்திருக்கும். மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறையைக் கற்கும். மூன்று மாதத்தில் அதைத் தன் வீடாக உணரும். எல்லா நாய்க்கும் இக்கணக்குப் பொருந்தாது. சில நாய்களுக்கு ஓராண்டும் ஆகலாம். ஆயினும், ஒரு வாரத்திலேயே பொறுமை இழப்பது தவறு என்பதை இது உணர்த்துகிறது.

இந்நாயோடு வாழ்வதற்கான முதல் படி, கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது. உண்ணியும் குடற்புழுவும் தோல் அரிப்பும் உள்ள நாயால் அமைதியாக இருக்க முடியாது. தடுப்பூசியும் குடற்புழு நீக்க மருந்தும் தேவை. இனப்பெருக்கத் தடை அறுவை சிகிச்சை செய்தால் துணை தேடி வேலி தாண்டி ஓடும் பழக்கமும் குறைகிறது. வேண்டாத குட்டிகள் தெருவில் பிறப்பதும் தடுக்கப்படுகிறது.

இரண்டாவது படி, நடைப்பயிற்சி. வெளியே இருக்கும் வாசலில் நாயை அவிழ்த்து விடுவது நடைப்பயிற்சி ஆகாது. காலையிலும் மாலையிலும் அரை மணி நேரமாவது வாரிட்டு அழைத்துச் செல்ல வேண்டும். நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமே அது தன் உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. எனவே, மலேசியாவின் நண்பகல் வெயிலில் அதை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியவில்லை என்றால், அந்தச் சாலை நாயின் பாதத்துக்கும் ஏற்றதன்று.

நடக்கும்போது நாய் அடிக்கடி நின்று முகர்வதைக் கண்டு பலர் வாரை இழுத்துச் செல்கின்றனர். உண்மையில், முகர்வது நாய்க்கு நாளிதழ் படிப்பதைப் போன்றது. மனிதனின் மூக்கில் ஏறக்குறைய ஐந்து அல்லது ஆறு மில்லியன் மோப்ப உணர்விகள் உள்ளன. நாயின் மூக்கிலோ அவை 100 மில்லியனுக்கும் அதிகம். விரைந்து ஓடுவதைவிட நிதானமாக முகர்ந்து நடப்பது அதன் மூளைக்கு நல்ல வேலை தருகிறது. மழை பெய்யும் நாளில் வீட்டிலும் இதைச் செய்யலாம். உணவின் ஒரு பகுதியை முட்டை அட்டையின் குழிகளிலோ பழைய துண்டின் மடிப்புகளிலோ ஒளித்துவைத்தால், அதைத் தேடி உண்பதில் நாய் மும்முரமாகிவிடும். அதன்பின் அதற்கு ஓய்வும் வேண்டும். வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறக்குறைய பாதி நேரம் உறங்கும். சந்தடியில்லாத ஒரு மூலை அதற்கென்று இருக்க வேண்டும். உறங்கும் நாயைப் பிள்ளைகள் தொந்தரவு செய்யக்கூடாது.

மூன்றாவது படி, பயிற்சி. உணவு வருவதற்கு முன்பே, அதைக் கொண்டுவருபவரின் காலடி ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறுவதை ரஷ்ய அறிவியலாளர் இவான் பாவ்லோவ் கவனித்தார். ஒன்றோடு மற்றொன்றை இணைத்துக் கற்பதே நாயின் வழி. உட்கார்ந்தவுடன் ஒரு துண்டு உணவும் பாராட்டும் கிடைத்தால், அது மீண்டும் உட்காரும். ஆள்மீது தாவும்போது திட்டினாலும் தள்ளினாலும் அதையும் நாய் விளையாட்டாகவே எண்ணக்கூடும். அப்போது பேசாமல் திரும்பி நிற்க வேண்டும். நான்கு கால்களும் தரையில் ஊன்றியதும் கவனிக்க வேண்டும். தாவினால் கவனிப்பு இல்லை, நின்றால் கவனிப்பு உண்டு என்பதை அது விரைவில் புரிந்துகொள்ளும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் பயிற்சி அளித்தால் போதும்.

பயிற்சியில் குடும்பத்தார் அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது அவசியம். தாத்தா 'உட்கார்' என்றும் அண்ணன் 'சிட்' என்றும் அக்காள் 'டுடுக்' என்றும் சொன்னால், மூன்று மொழியும் அறியாத நாய் குழம்பி நிற்கும். அடிப்பதால் நாய் எதையும் கற்பதில்லை. அடிக்கும் கையைக் கண்டு அஞ்சுவதையே கற்கிறது. அஞ்சிய நாய்தான் ஒரு நாள் கடிக்கிறது. பட்டாசு வெடிக்கும் தீபாவளி, சீனப் பெருநாள் போன்ற நாள்களில் இத்தகைய நாய் மிரண்டு ஓடிவிடக்கூடும். அன்றைய மாலையில் அதை வீட்டினுள் வைத்து, சன்னல்களை அடைத்து, உடனிருப்பது நல்லது.

நாய் வளர்ப்பது ஒரு வீட்டோடு முடிவதில்லை. பாயா ரும்புட் போன்ற ஊர்களில் பல இனத்தவர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். சமய நெறியின் காரணமாக நாயைத் தொடாதவர்கள் உள்ளனர். நாயைக் கண்டு அஞ்சும் முதியோரும் குழந்தைகளும் உள்ளனர். வாசற்கதவை எப்போதும் மூடி வைத்தல், வெளியில் வாரின்றி விடாதிருத்தல், எதிரில் வருபவருக்கு வழிவிட்டு ஒதுங்குதல், நாயின் கழிவை உடனே அகற்றுதல் ஆகியன நல்ல அண்டை வீட்டாரின் அடையாளங்கள். உள்ளூர் மன்றத்தில் உரிமம் பெறுவதும் கடமையாகும். விசர்நாய்க்கடி நோய் 2015-ஆம் ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017-ஆம் ஆண்டு சரவாக்கிலும் பரவியதை மறந்துவிடலாகாது. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரை நாட வேண்டும்.

நாயின் துள்ளலை நம் நாட்டுச் சட்டமும் புரிந்துகொண்டுள்ளது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்குக்குத் தகுந்த இடமும் உணவும் தருவதை மட்டும் உரிமையாளரின் கடமையாகக் கூறவில்லை. அந்த விலங்கு தன் இயல்பான நடத்தையை வெளிப்படுத்த வாய்ப்பளிப்பதையும் கடமையாகக் கூறுகிறது. ஓடுவதும் முகர்வதும் நாயின் இயல்பு. நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு அந்த வாய்ப்பு ஏது? விலங்கு வதை செய்பவருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆகவே, நாயைத் தத்தெடுக்கும் முன் சிந்திக்க வேண்டும். நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை வாழக்கூடியது. இன்று 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அடம்பிடிக்கும் மாணவர், சில ஆண்டுகளில் மேற்படிப்புக்கோ வேலைக்கோ வேறு ஊருக்குச் செல்லக்கூடும். அப்போது நாயை நடத்திச் செல்வது யார் என்பதைக் குடும்பத்தார் முதலிலேயே பேசி முடிவுசெய்ய வேண்டும். எவ்வளவு முயன்றும் வளர்க்க இயலவில்லை என்றால், அதன் குணத்தை மறைக்காமல் எடுத்துச் சொல்லி, பொறுப்புள்ள வேறொரு குடும்பத்தைத் தேடித் தர வேண்டும். மீண்டும் தெருவில் விடுவது தீர்வாகாது.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது பழமொழி. திருந்தாதவரைக் குறிக்கவே அதனைப் பயன்படுத்துவர். ஆனால், வால் வளைந்திருப்பது நாயின் குற்றமன்று. அதனை நிமிர்த்த வேண்டிய தேவையும் இல்லை. தோட்டத்தில் மனிதரோடு நடந்த நாயும் இன்று வரிசை வீட்டில் துள்ளும் நாயும் வேறுவேறல்ல. அன்று அதற்கு நடக்க வழியும் உடன் நடக்க ஒரு மனிதரும் இருந்தனர். அந்த இரண்டையும் மீண்டும் தந்தால், துள்ளும் நாயும் வாசல் நிழலில் அமைதியாக உறங்கும்.